வளைகுடா அப்பாக்களைப் பற்றி ஒரு வெல்டரின் மகள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்கள் பிள்ளைகளுக்கு ஏடிஎம் மெஷின்தான், காசு வரும் ஆள் வராது, நம் பக்கத்துப் பிள்ளைகள் கெட்டுப் போவதற்கு அதுதான் காரணம் என்று. படித்துவிட்டு பேப்பரை மடித்து வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு முன்னாலேயே அப்பா அதைப் படித்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லையாம், அந்தக் கடிதத்தை மட்டும் இன்னொரு தடவை படித்தாராம், அம்மா சொன்னார். அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வெல்டிங் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டாதீர்கள். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

எங்களுக்குத் திருச்சி பக்கம், துவாக்குடி தாண்டி ஒரு கிராமம். இந்தப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு வெல்டர் என்றால் விளக்க வேண்டியதில்லை. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்தது, அதற்கு வேலை செய்து கொடுக்க சுற்றிலும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வந்தன, அந்தப் பட்டறைகளில் கிரைண்டர் பிடிக்கவும் பிளேட் தூக்கவும் போன பையன்கள் காலப்போக்கில் வெல்டர் ஆனார்கள். அப்பா அப்படிப் போனவர்தான். பத்தாம் வகுப்பில் கணக்குப் போய்விட்டது, ஐடிஐ கிடையாது, ஒரு ஷெட்டில் ஹெல்பர். மதியம் வெல்டர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், எரிந்து மிச்சம் கிடக்கும் துண்டு ராடுகளைப் பொறுக்கி, கழிவுத் தகட்டில் கோடு போட்டுப் போட்டுக் கற்றுக்கொண்டார். தொண்ணூறுகளின் நடுவில் சவுதி போனார். ஜுபைல், அப்புறம் யான்பு, நடுவில் கொஞ்ச காலம் கத்தாரில் ராஸ் லஃபான், மறுபடி ஜுபைல். எல்லாமே எண்ணெய், எரிவாயு, ரசாயன ஆலைகளில் பைப் வேலை. இருபது வருடத்துக்கு மேல்.

அந்த இருபது வருடமும் எங்களிடம் "அப்பா என்ன பண்றார்?" என்று யார் கேட்டாலும் "சவுதியில இருக்கார்" என்றுதான் சொல்வோம். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டு ரியால் எவ்வளவு ரூபாய் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். என்ன வேலை என்று ஒருத்தர் கேட்டதில்லை. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில்கூட 'வெளிநாடு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், டீச்சரும் வாங்கி வைத்துக்கொண்டார். நாட்டின் பெயர் எப்படி ஒரு தொழிலாகும்? அந்த வாசகர் எழுதியதிலும் எனக்கு இதுதான் உறுத்தியது. அவர் கண்ணுக்குக் காசு தெரிந்திருக்கிறது, வராத ஆளின் காலி இடம் தெரிந்திருக்கிறது, அந்த ஆள் அங்கே கையால் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

நான் இப்போது ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வெல்டர்களின் தகுதிச் சான்று, எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாம் பில்லோடு சேர்ந்து என் மேஜைக்கு வரும். அப்பாவின் வேலை எனக்கு ஒழுங்காகப் புரிய ஆரம்பித்தது அங்கே போன பிறகுதான். 6ஜி டெஸ்ட் என்று ஒன்று உண்டு. பைப்பை 45 டிகிரி சாய்த்து அசையாமல் கட்டிவிடுவார்கள். பைப்பைத் திருப்பக் கூடாது, ஆள்தான் அதைச் சுற்றி வர வேண்டும். குனிந்து அடியிலிருந்து மேல்நோக்கி, பக்கவாட்டில், எட்டி நின்று மேலே என்று ஒரே ஜாயின்ட்டில் எல்லா நிலையும் வந்துவிடும். முதலில் டிக் என்கிற வெல்டிங் முறையில் ரூட், அதாவது அடி ஒட்டு. இரண்டு பைப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து, அதன் வழியாக உருகின உலோகம் உள்பக்கமும் ஒரே சீராக இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் உள்ளே தடித்துக்கொண்டு நிற்கும், இறங்காவிட்டால் பிடிக்காது. உள்ளே நடப்பது வெல்டருக்குத் தெரியாது, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று முன்னால் இருக்கிற சின்ன வெளிச்சக் குழம்பை வைத்தே அந்தப் பக்கத்தை ஊகிக்க வேண்டும். அதற்கு மேல் 7018 என்கிற ரக ராடில் சந்தை நிரப்பும் ஃபில்லிங், மேலே மூடும் கேப்பிங். அந்த ராடில் ஈரம் ஏறினால் போச்சு, அதனால் சூடான ஓவனிலேயே வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லாவிட்டால் பட்டை பட்டையாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். காற்றுக் குமிழோ கசடோ அளவுக்கு மேல் தெரிந்தால் ஃபெயில்.

ஒரு தடவை பாஸானால் முடிந்தது என்றும் இல்லை. இந்த வேலைகளில் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்எம்இ விதி, அதன்படி ஒரு வெல்டர் ஒரு வகை வெல்டிங்கை ஆறு மாதம் செய்யாமல் இருந்துவிட்டால் அவருடைய தகுதி காலாவதி. கம்பெனி மாறினால் டெஸ்ட், பைப்பின் ரகம் மாறினால் டெஸ்ட், ஏஜென்சி மூலம் போனால் சென்னையில் ஒரு டெஸ்ட், அங்கே இறங்கினதும் அதே டெஸ்ட் இன்னொரு தடவை. பத்தாவதில் கணக்கில் ஃபெயிலான மனுஷர் ஐம்பத்தைந்து வயது வரைக்கும் பரீட்சை எழுதிக்கொண்டே இருந்தார். எம்.காம் முடித்த நான் கடைசியாக எப்போது பரீட்சை எழுதினேன் என்பதே மறந்துவிட்டது.

அப்புறம் அந்த நம்பர் விஷயம். ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு நம்பர் கொடுப்பார்கள், போட்ட ஜாயின்ட் பக்கத்திலேயே அந்த நம்பரைக் குறிக்க வேண்டும், நாளைக்கு எக்ஸ்ரேயில் குறை வந்தால் யாருடைய கை என்று தெரிய வேண்டுமே. யாருக்கு எத்தனை சதவீதம் ரிப்பேர் என்று சைட்டில் கணக்கு ஓடும். அப்பா இருந்த இடங்களில் அந்தக் கணக்கைச் சுவரிலேயே ஒட்டிவிடுவார்களாம். ரிப்பேர் கூடினால் முதலில் ஓவர்டைம் போகும், இன்னும் கூடினால் ஆளே போக வேண்டியதுதான். ஷட்டவுன் நேரத்தில், ஆலையை நிறுத்திவிட்டு ராப்பகலாகப் பராமரிப்பு நடக்கும்போது, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் இதே கணக்கோடு வேலை. எங்கள் ஸ்கூல் பீஸ் கட்டின பணம் அந்த ஓவர்டைமில் வந்தது, அந்த ஓவர்டைம் அவர் கை நடுங்காமல் இருந்ததால் வந்தது. இதை ஏடிஎம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

பக்கத்தில் இருப்பவன் சொல்லாமல் ஆர்க் அடித்து அந்த வெல்டிங் வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டுவிட்டால் அன்று ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும் என்பார் அப்பா. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் உருளைக்கிழங்கை வெட்டிக் கண் மேல் வைத்துக்கொண்டு வரிசையாகப் படுத்துக் கிடப்பார்களாம். குழம்புக்கு வைத்திருந்த கிழங்கெல்லாம் இப்படிக் கண்ணுக்கே தீர்ந்து மெஸ்ஸில் ஒரு பெரிய சண்டை வந்த கதையை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், அம்மா சிரிக்க மாட்டார்.

பிள்ளைகளை வளர்க்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் போன் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு வரும் ஆட்களிடம் அப்பா கேசட் கொடுத்து விடுவார். ஒரு பக்கம் அம்மாவுக்கு, இன்னொரு பக்கம் அப்பாயிக்கும் எனக்கும் தம்பிக்கும். அம்மாவின் பக்கத்தை அம்மா எங்கள் முன்னால் போட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிக்குமேல் கேள்விதான் இருக்கும். ரேங்க் கார்டில் சமூக அறிவியல் ஏன் இறங்கியது, மோட்டார் ஒழுங்காகத் தண்ணீர் எடுக்கிறதா, தம்பிக்குச் சளி விட்டதா, அப்பாயி மாத்திரையை முழுங்குகிறதா இல்லை துப்பிவிடுகிறதா. ஒரு கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்கு இடம் விடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் வரும். தம்பி அந்த இடைவெளியில் நிஜமாகவே பதில் சொல்வான், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டால் டேப்பை நிறுத்தச் சொல்லி அழுவான். பிறகு எஸ்டிடி பூத், போன் கார்டு, செல்போன், இமோ எல்லாம் வந்தது. ஊரே வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் சவுதியில் பல ஆப்களில் கால் போகாது, 2017 செப்டம்பரில்தான் அந்தத் தடையை எடுத்தார்கள். அதுவரைக்கும் எந்த ஆப் இந்த வாரம் வேலை செய்கிறது என்று கேம்ப்பில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

லீவில் வந்தாலும் சும்மா இருக்க மாட்டார். நாங்கள் வீடு கட்டினபோது வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி அத்தனையும் தானே செய்தார். பெயின்ட் அடித்த பிறகு கிரில்லில் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது, நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அவர் வந்தது தெரிந்தால் தெருவே உடைந்த நாற்காலி, சைக்கிள் கேரியர், கலப்பைக் கொழு என்று தூக்கிக்கொண்டு வந்துவிடும். "லீவுக்கு வந்தீங்களா, பட்டறை வைக்க வந்தீங்களா?" என்று அம்மா சத்தம் போடுவார். கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனாலும் படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு "இது ஒட்டு இல்ல பாப்பா, பூச்சு" என்று என் காதில் சொல்வார். பெண் வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் எழுத வரவில்லை. அந்த வாசகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி என் தம்பி. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் அப்பாயி இறந்தது ஒரு புதன்கிழமை ராத்திரி. அப்போது சவுதியில் வார விடுமுறை வியாழன், வெள்ளி, அது வெள்ளி, சனி என்று மாறியது 2013ல்தான். அப்பாவின் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸில் பூட்டிக் கிடந்தது. அதைக் கையில் வாங்கினாலும் முதலாளி எக்ஸிட் ரீ-என்ட்ரி, அதாவது நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் அனுமதி, போட்டுக் கொடுக்காமல் விமானம் ஏற முடியாது, அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் சனிக்கிழமைதான் ஆபீஸுக்கு வருவார். அப்பா ஒரே பிள்ளை. வெள்ளிக்கிழமை காலையில் தம்பிதான் கொள்ளி வைத்தான், அவனுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. மொட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது பையன்கள் உங்க அப்பா செத்துட்டாரா என்று கேட்டிருக்கிறார்கள், அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தான். இது அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது, இதைப் படித்தால் தெரியும், தெரியட்டும். அந்த எக்ஸிட் விதி 2021 மார்ச்சில்தான் தளர்ந்தது, இப்போது முதலாளி கையெழுத்து இல்லாமல் தொழிலாளியே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். வீட்டு வேலை செய்பவர்கள், வீட்டு டிரைவர்கள், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள் போன்றவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ஆக, தம்பியின் கோபத்துக்கு அப்பாவை மட்டும் பிடித்துக் கேட்பது எப்படி நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. பூட்டி வைத்த பாஸ்போர்ட்டுக்கும் அதில் பங்கு இருக்கிறதல்லவா?

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்ஃப் காசு என்றால் மரத்தில் காய்ப்பதாகத்தான் இங்கே நினைக்கிறார்கள். சவுதி ரியாலை 1986லிருந்து ஒரு டாலருக்கு 3.75 என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பா போன காலத்தில் ஒரு ரியாலுக்கு சுமார் 9 ரூபாய், இப்போது 22ஐத் தாண்டிவிட்டது. அவர் சம்பளம் ரியாலில் ஏறினது கொஞ்சம்தான், ரூபாய் விழுந்து விழுந்து அதைப் பெரிதாகக் காட்டியது. டிவியில் ரூபாய் மதிப்பு சரிவு என்று சோகமாகச் செய்தி வாசிப்பார்கள், எங்கள் தெருவில் அன்று நாலு பேர் பேங்குக்குக் கிளம்புவார்கள். ஆனால் அதே ரூபாயில்தானே இங்கே சிமென்ட்டும் கம்பியும் வாங்க வேண்டும், அதுவும்தான் ஏறியது.

கடைசியில் கைக்கு என்ன வந்தது என்று கேளுங்கள். சவுதி சட்டப்படி வேலையை முடித்துக்கொண்டு போகும்போது முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு முழு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரே கம்பெனியில் 20 வருடம் இருந்தவருக்கு பதினேழரை மாதச் சம்பளம் வரும். பைப் வெல்டருக்கு அப்படி அமையாது. ஒரு ப்ராஜெக்ட் இரண்டு வருடம், முடிந்தால் ஊர், அடுத்தது வேறு ஆள் சப்ளை கம்பெனி, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதையும் கணக்குப் பார்த்துத் தராமல் விமான டிக்கெட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பின கம்பெனியும் உண்டு. ஆக இருபது வருடம் உழைத்தாலும் ஐந்தாவது வருடத்தைத் தாண்டவே விடாத கணக்கு இது. பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ கிடையாது, ஓய்வூதியம் கிடையாது.

கிட்டத்தில் இருப்பது கண்ணுக்கு மங்க ஆரம்பித்ததும் அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த புதிதில் வீட்டில் நடந்ததெல்லாம் தனிக்கதை. உப்பு எங்கே இருக்கிறது, டார்ச் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கேட்பார். யாருமில்லாத அறையில் பேன் ஓடினால் அணைத்துக்கொண்டே போவார், அந்த அறையில் ஆள் இருந்தாலும் சில சமயம் அணைத்துவிடுவார். மேஸ்திரியிடம் பேசி வீட்டைக் கட்டினதும், சீட்டுப் பிடித்ததும், பேங்குக்கு அலைந்ததும், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடித்ததும் அம்மாதான், திடீரென்று ஒருவர் வந்து பால் கணக்கைச் சரிபார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? தம்பி ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறான், பெரும்பாலும் பைக் பற்றி.

அவருக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. வெல்டிங் சொல்லிக் கொடுக்கிற ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் நான் சொல்லித் தருகிறேன், சம்பளம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஐடிஐ சர்டிஃபிகேட் இருக்கிறதா, பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். விதி அப்படித்தான், அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அங்கே சொல்லிக்கொடுக்கிற பையன் 6ஜி டெஸ்ட்டுக்கு உட்கார்ந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான். இப்போது அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் ஷெட்டில் நாலைந்து பையன்களுக்குச் சும்மா சொல்லிக் கொடுக்கிறார். ரூட் மட்டும் வாரக்கணக்கில் போட வைப்பார், பையன்கள் திட்டுவார்கள், ஆனாலும் வருகிறார்கள். பாதி பேர் வெளிநாடு போகத்தான் கற்றுக்கொள்கிறார்கள், அதுவும் உண்மை.

போன வருடம் இருமல் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். புகை பிடிப்பீர்களா என்று டாக்டர் கேட்டார், வாழ்க்கையில் தொட்டதில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். "சவுதியில இருந்தேன்" என்று அப்பாவே சொன்னார், அவரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான்தான் குறுக்கே விழுந்து வெல்டர் சார், முப்பது வருடம் வெல்டர் என்று சொன்னேன். வெல்டிங் புகை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017ல் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. அப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம், நுரையீரல் கொஞ்சம் பலவீனம், அவ்வளவுதான். ஆனால் தொழில் என்னவென்று எழுதாத சீட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் எதைத் தேடுவார்?

இனி அரசாங்கத்துக்கு. தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் 22 லட்சம் பேர் என்று 2015ல் எடுத்த புலம்பெயர்வு ஆய்வு சொன்னது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் பணத்தில் சுமார் 10 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று ரிசர்வ் வங்கியின் கணக்கு சொல்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நாம் என்ன செய்தோம்? வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் 2011லேயே வந்துவிட்டது, வாரியம் அமைய அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இப்போது அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, உறுப்பினராகச் சேர்ந்தால் காப்பீடு இருக்கிறது, சனவரி 12ம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள், நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கேரளத்தில் 2008லேயே சட்டம் போட்டு, பிரவாசி (வெளிநாடு வாழ்வோர்) நல வாரியத்தில் மாதச் சந்தா கட்டி வந்தவர்களுக்கு 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் என்று வைத்திருக்கிறார்கள். ஜுபைலில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த மலையாளி இப்போது அதை வாங்குகிறார், போனில் பேசும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். மத்திய அரசும் 2012ல் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கென்று ஒரு ஓய்வூதியத் திட்டம் ஆரம்பித்தது, சேர ஆளில்லை என்று 2017ல் மூடிவிட்டது. கேம்ப்பில் யாருக்குத் தெரியும் அப்படி ஒன்று இருந்தது என்று? அப்பா கேள்விப்பட்டதே இல்லை.

ஓய்வூதியத்துக்குப் பணம் வேண்டும், புரிகிறது. ஆனால் நான் கேட்கும் இன்னொரு விஷயத்துக்குப் பெரிதாகப் பணம் வேண்டாம். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐ-க்களைத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள், புது மெஷின்கள் வந்திருக்கின்றன. அந்த ஐடிஐ-க்களில் வாரத்துக்கு இரண்டு நாளாவது அப்பா மாதிரி திரும்பி வந்தவர்களைக் கௌரவப் பயிற்றுநராக உட்கார வையுங்கள். சர்டிஃபிகேட் இல்லை என்றால் ஒரு பைப்பைக் கட்டி டெஸ்ட் வையுங்கள், இவர்களுக்குப் பரீட்சை ஒன்றும் புதிதில்லை. வெல்டர் மட்டும் இல்லை, ஏசி மெக்கானிக், பைப் ஃபிட்டர், ஸ்கஃபோல்டர், எலெக்ட்ரீஷியன், கிரேன் ஆபரேட்டர், எங்கள் தாலுகாவிலேயே எத்தனை பேர் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை பக்கம் போனால் இன்னும் அதிகம். இப்போது சவுதி அரசாங்கமே எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்றவர்களை இங்கேயே சோதித்துச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் விசா தருகிறது. அங்கே உள்ளவர்களுக்கு நம் ஆட்களின் தொழில் மேல் இருக்கிற அக்கறை நமக்கு இல்லாமல் போனதா?

வாரியம் திரும்பி வந்தவர்களைக் கணக்கெடுத்தால் எந்த நாடு என்பதற்கு முன்னால் என்ன தொழில், எத்தனை வருடம், என்னென்ன டெஸ்ட் பாஸ் என்று எழுதிக்கொள்ளட்டும். உங்கள் பத்திரிகையும் சனவரி 12 அன்று மேடையில் விருது வாங்குகிற தொழிலதிபர்கள் படத்துக்குப் பக்கத்தில் இவர்களைப் பற்றி அரைப் பக்கம் போடலாம், ஆளுக்கும் விவரத்துக்கும் பஞ்சமில்லை, நானே திரட்டித் தருகிறேன். அப்பாவின் பழைய டெஸ்ட் சர்டிஃபிகேட்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பீரோவில் இருக்கின்றன. படிவம் என்று ஒன்று வந்தால் தயவுசெய்து உங்கள் பேப்பரில் போடுங்கள், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்க் கொடுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவெறும்பூர் வட்டம், திருச்சி மாவட்டம்.